டயான் நுயென் விவகாரம்: மனச்சோர்வுக்குக் கைதட்டல், இனத்துக்கு வாக்குவாதம்

2020 ஜூன் கடைசி வாரம். மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸாரால் கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்கத் தெருக்களில் நடந்த போராட்டத்தின் சூடு அனிமேஷன் ஸ்டுடியோக்களுக்குள்ளும் எட்டியது. ஜூன் 24 அன்று, ‘பிக் மவுத்’ தொடரில் கலப்பினச் சிறுமி மிஸ்ஸிக்குக் குரல் கொடுத்துவந்த ஜென்னி ஸ்லேட் விலகினார். அதே நாளில் ‘சென்ட்ரல் பார்க்’ தொடரின் மாலி என்ற கலப்பினப் பாத்திரத்திலிருந்து கிறிஸ்டன் பெல் விலகுவதாக அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து, ‘ஃபேமிலி கை’ தொடரின் கறுப்பினப் பாத்திரமான கிளீவ்லண்ட் பிரவுனுக்கு இருபது வருடமாகக் குரல் கொடுத்த மைக் ஹென்றி ஒதுங்கிக்கொண்டார். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளை நடிகர்கள் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று ‘தி சிம்ப்சன்ஸ்’ தயாரிப்பாளர்களும் அறிவித்தார்கள்.

அந்த வரிசையில்தான் அலிசன் பிரீயும் இன்ஸ்டாகிராமில் மன்னிப்புக் கேட்டார். ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரில் வியட்நாமிய அமெரிக்கப் பெண்ணான டயான் நுயெனுக்கு ஆறு சீசன்களும் குரல் கொடுத்தவர் அவர். திரும்பிப் பார்க்கையில் அந்த வேடத்தை ஏற்றிருக்கக் கூடாது என்று நினைப்பதாகவும், வியட்நாமிய அமெரிக்கச் சமூகத்தைச் சரியாகவும் மரியாதையோடும் காட்டக் கிடைத்த வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டதாகவும் எழுதினார்.

மற்ற மூவருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் விலகிய இடத்துக்கு வேறு நடிகர்கள் வந்தார்கள். மிஸ்ஸியை அயோ எடெபிரி எடுத்துக்கொண்டார். கிளீவ்லண்டை ஆரிஃப் ஸாஹிர். மாலியை எமி ரேவர்-லாம்ப்மன். பிரீ விலகுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ‘போஜாக்’ அந்த ஜனவரி 31ஆம் தேதியே முடிந்துவிட்டது. எதையும் மாற்ற முடியாத நிலையில், கையிலிருந்தது மன்னிப்பு மட்டும்தான். ஆகவே ரசிகர்களுக்கும் ‘அடுத்து யார்?’ என்று பேச்சை மாற்ற வழியில்லை. நேசித்த ஒரு படைப்பை இனி எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியோடு உட்கார வேண்டியிருந்தது. இந்த விவகாரத்தை எடுத்துக்கொள்ள அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: மனநோயைப் பற்றிப் பேசியதற்காக உலகமெங்கும் பாராட்டப்பட்ட தொடரும் இதுதான். ஒரே தொடர், ஒரே பாத்திரம், ஒரே ரசிகர்கள். டயானின் மனச்சோர்வை அவர்கள் எதிர்கொண்ட விதத்துக்கும் அவள் இனத்தை எதிர்கொண்ட விதத்துக்கும் இடையில் அவ்வளவு தூரம்.

தொடரின் பின்னணி

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 2014 ஆகஸ்ட் 22 அன்று நெட்ஃபிளிக்ஸில் தொடங்கியது. உருவாக்கியவர் ராஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க். அந்த உலகத்தை வரைந்து கொடுத்தவர் லிசா ஹனவால்ட். மனிதர்களும் மனிதரைப்போல் நடமாடும் மிருகங்களும் கலந்து வாழும் ஹாலிவுட். தொண்ணூறுகளில் ஒரு குடும்பக் காமெடித் தொடரால் புகழ் பெற்று, இப்போது குடியும் தன்னிரக்கமுமாகக் கிடக்கும் குதிரை நடிகன் போஜாக். அவனுடைய சுயசரிதையை அவனுக்காக எழுதிக்கொடுக்க வருபவள் டயான்.

முதல் சீசனின் ஆறு எபிசோடுகளை மட்டும் முன்கூட்டியே பார்த்த விமர்சகர்கள் பலர், இன்னொரு குடிகார நாயகன் காமெடி என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அதன் பிறகுதான் தொடர் தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது. விமர்சகர்களை முந்திக்கொண்டு ரசிகர்கள் கண்டுபிடித்த தொடர் என்ற பெருமிதம் அவர்களிடம் கடைசிவரை இருந்தது. பின்னால் வந்த சண்டைகளில் அந்த உரிமையுணர்வுக்கும் பங்கு உண்டு.

‘இது நான்தான்’

நான்காம் சீசனின் ஆறாவது எபிசோடு 2017 செப்டம்பரில் வந்தது. போஜாக் கண் விழிக்கிறான். விழித்த கணத்திலிருந்து அவன் தலைக்குள் ஒரு குரல் அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறது. பிஸ்கட் தின்றால் திட்டு. தின்பதை நிறுத்த முடியாததற்கும் திட்டு. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று வாங்கக் கிளம்புகிறான். கடைசியில் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று அதே குரல் கேட்கிறது. அந்தக் குரல் பேசும்போதெல்லாம் திரையின் ஓவியமும் மாறிவிடுகிறது: ஒழுங்கான கோடுகள் போய், கிறுக்கலும் வெட்டி ஒட்டிய துண்டுகளுமாக.

மகளாக இருக்கலாம் என்று நினைத்து வீட்டில் தங்கியிருக்கும் ஹாலிஹாக் என்ற பதின்வயதுப் பெண் (அவள் தங்கை முறை என்பது பின்னால்தான் தெரியும்), எபிசோடின் முடிவில் அவனிடம் கேட்கிறாள். தனக்கும் தலைக்குள் அப்படி ஒரு குரல் கேட்கிறதாம். இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதானே, பிறகு போய்விடும்தானே? ‘ஆமாம்’ என்கிறான் போஜாக். அவனுக்குப் போகவில்லை என்பதை இருபத்தைந்து நிமிடமாக நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மனச்சோர்வு உள்ளவர்களின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் காட்ட ரசிகர்கள் அதிகம் பரிந்துரைத்த எபிசோடுகளில் இது ஒன்று. ‘எனக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டாயே, இதைப் பார்’ என்ற தொனியில். டாக்டரிடம் விவரிக்க முடியாததை ஒரு கார்ட்டூன் குதிரை விவரித்துவிட்டது என்று சொன்னவர்கள் நிறைய.

இதே சீசனின் பதினோராவது எபிசோடு இன்னும் துணிந்து போகிறது. கேட் பர்டி எழுதியது. போஜாக்கின் தாய் பியாட்ரிஸுக்கு மறதிநோய். அவளை ஒரு மட்டமான முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறான் மகன். முழு எபிசோடும் அவளுடைய சிதைந்த நினைவுக்குள்ளேயே நடக்கிறது. மனிதர்களுக்கு முகம் இல்லை. ஒரே ஒரு பெண்ணின் முகம் மட்டும் ஆத்திரத்தோடு கிறுக்கி அழிக்கப்பட்டிருக்கிறது. பியாட்ரிஸின் தாய் ஹனி, போரில் மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் நிலைகுலைந்தவள். கணவன் அவளுக்குப் பார்த்த வைத்தியம் மூளை அறுவை. துக்கம் போனது, அவளும் போனாள். அந்தக் காலத்து அமெரிக்காவில் பெண்களுக்கு உண்மையாகவே நடந்த கொடுமை இது.

மகன் மீது ஆறு சீசனுக்குப் போதுமான காயங்களை ஏற்படுத்திய தாய், கடைசியில் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறாள். உண்மையைச் சொல்லிப் பழிவாங்கலாம். அவனோ, மிச்சிகன் ஏரிக்கரை வீட்டில் இருக்கிறாய், குடும்பமெல்லாம் கூட இருக்கிறது, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கதை சொல்கிறான். நோயை மூன்று தலைமுறைக்குப் பின்னோக்கித் தேடிப்போன இந்தப் பொறுமை, அதற்கு முன் அமெரிக்க அனிமேஷனில் அரிது.

டயானுக்கும் இந்தப் பாராட்டில் பங்கு உண்டு. ஆறாம் சீசனில் அவள் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கத் தொடங்குகிறாள். உடல் பருக்கிறது. ஓவியர்கள் அதை அப்படியே வரைகிறார்கள். அடுத்த எபிசோடில் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை, கடைசி எபிசோடுவரை அப்படியேதான். மருந்து எடுத்தால் படைப்பாற்றல் மழுங்கிவிடும் என்ற நம்பிக்கையையும் தொடர் நேருக்கு நேர் சந்திக்கிறது. மருந்தைக் கோழைத்தனமாகவும் காட்டவில்லை, மாயவித்தையாகவும் காட்டவில்லை. மாத்திரை சாப்பிடும் ரசிகர்கள், பெண்கள் முக்கியமாக, இதை எவ்வளவு கவனித்தார்கள் என்பது அவர்களுடைய பேச்சிலேயே தெரிந்தது.

பாராட்டின் மறுபக்கம்

ஆனால் ‘இது நான்தான்’ என்பது இரண்டு வழியில் போகக்கூடிய வாக்கியம். ‘என் வலி இது’ என்று சொன்னவர்கள் ஒரு பக்கம். ‘நான் இப்படித்தான், என்ன செய்ய’ என்று சொன்னவர்கள் இன்னொரு பக்கம். போஜாக்கின் முகத்தை மீமாக வைத்துக்கொண்டு, தான் செய்த துரோகத்துக்கெல்லாம் நோயைக் காரணம் காட்டும் ஒரு ரசிகர் வகை உருவாகிவிட்டது. தொடர் குழு இதைக் கவனித்திருக்க வேண்டும். ஐந்தாம் சீசன் முழுக்க அதற்கான பதில்போலவே இருக்கிறது.

அதில் போஜாக் ‘ஃபில்பர்ட்’ என்ற இருண்ட துப்பறியும் தொடரில் நடிக்கிறான். பெண்ணை இழிவுபடுத்தும் காட்சிகள் நிறைந்த கதை. கேள்வி வரக்கூடாது என்பதற்காக, பெண்ணியவாதி என்று பெயரெடுத்த டயானை ஆலோசகராக எழுத்தாளர் அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். தொடரின் முதல் காட்சி விழாவில் போஜாக் மேடையேறி, நாம் எல்லாருமே மோசமானவர்கள், ஆகவே எல்லாரும் சரியானவர்களே என்ற ரீதியில் பேசுகிறான். கூட்டம் கைதட்டுகிறது. டயான் நொறுங்கிப்போகிறாள். இதைப் பார்த்து ஆண்கள் தங்கள் நடத்தையை நியாயப்படுத்திக்கொள்வதற்காக நான் இதை எழுதவில்லை என்று அவனிடமே சொல்கிறாள். தன் ரசிகர்களைத் தன் பாத்திரத்தின் வாயால் இப்படிக் கண்டித்த தொடர் வேறு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதோடும் விடவில்லை. போஜாக்கின் பழைய தொடரில் சிறுமியாக அவனோடு நடித்தவள் சாரா லின். மூன்றாம் சீசனில் அவனோடு சேர்ந்து வாரக்கணக்கில் போதையில் கிடந்தவள், கோளரங்கத்தில் அவன் தோளில் சாய்ந்தபடி இறப்பதாகக் காட்டினார்கள். 2016இல் அதைப் பார்த்து அவனுக்காக அழுதவர்கள் ஏராளம். 2020இல் வந்த கடைசிப் பகுதியில்தான் மிச்சம் தெரிகிறது: தன் பெயர் கெடாமல் இருக்க, ஆம்புலன்ஸை அழைக்குமுன் அவன் பதினேழு நிமிடம் காத்திருந்தான். நான்கு வருடம் முன் விட்ட கண்ணீரை ரசிகர்கள் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. சிலர் கோபப்பட்டார்கள், பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று. என்னைக் கேட்டால், நோயாளியின் மீது இரக்கமும் குற்றவாளியின் மீது கணக்கும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் வேண்டும் என்று வற்புறுத்திய அந்த இடத்தில்தான் இந்தத் தொடர் உண்மையாகவே வளர்ந்தது.

எழுதாமல் விட்ட பகுதி

இப்போது டயானின் குடும்பப் பெயருக்கு வருவோம்.

முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில் அவள் தந்தை இறந்துபோக, பாஸ்டனிலிருக்கும் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவள் அண்ணன் தம்பிகள் தடித்த பாஸ்டன் பேச்சில் உறுமுகிறார்கள். நகைச்சுவை அந்த இடத்தில்தான் இருக்கிறது: முகம் ஆசிய முகம், நடை உடை எல்லாம் பாஸ்டன் பேட்டை. வியட்நாம் என்று ஒரு நாடு இருந்ததும், அங்கே போர் நடந்ததும், ஒரு தலைமுறை கடல்தாண்டி வந்து சேர்ந்ததும் அந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்கவில்லை. பியாட்ரிஸுக்கு மூன்று தலைமுறை வரலாறு எழுதிய அதே குழு, டயானுக்கு ஒரு தலைமுறை வரலாறுகூட எழுதவில்லை.

திட்டமிட்ட அலட்சியம் இல்லை என்பதுதான் இதில் சுவாரசியம். படிப்பில் கெட்டி, அடக்கமானவள், கணக்குப் புலி என்ற ஆசியப் பெண் அச்சிலிருந்து டயானை விடுவிக்க வேண்டும் என்பதே பாப்-வாக்ஸ்பெர்க்கின் நோக்கம். இனத்தால் மட்டும் அடையாளப்படாத ஒருத்தி. 2018இல் ஒரு நேர்காணலில் அவரே இதைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்: பிரீயை நடிக்கவைத்தது, ஒரு வெள்ளை நடிகைக்கு எழுதுகிறோம் என்ற கூச்சத்தில் டயானின் ஆசியப் பக்கத்தைத் தொடாமலே விட்டது, எல்லாவற்றையும். 2020 ஜூனில் இன்னும் வெளிப்படையாக எழுதினார். வார்ப்பிலிருந்து விலகப்போய் எதிர்த்திசையில் அதிக தூரம் போய்விட்டேன், இனம் நம் எல்லாரிடமும் ஒரு பகுதிதானே என்றார். வியட்நாமிய எழுத்தாளரையும் வியட்நாமிய நடிகையையும் அமர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அமர்த்திய நடிகைக்கு ஏற்றாற்போல் பாத்திரத்தையாவது மாற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். முதன்மைப் பாத்திரங்கள் ஐந்துக்கும் குரல் கொடுத்தவர்கள் வெள்ளையர்கள்: வில் ஆர்னெட், ஏமி செடாரிஸ், பிரீ, பால் எஃப். டாம்ப்கின்ஸ், ஆரன் பால். இவர்களில் நால்வர் ஏற்றவை குதிரை, பூனை, நாய், ஒரு வெள்ளைக்கார வாலிபன். பிரச்சினை ஐந்தாவதில். ஆனால் குரல் மட்டும் தனியாகக் கெட்டுப்போகவில்லை. யார் பேசப்போகிறார் என்பது எழுதுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது.

ஐந்தாம் சீசனின் இரண்டாவது எபிசோடில், விவாகரத்துக்குப் பிறகு டயான் ஹனோய்க்குப் பறக்கிறாள். பயணக் கட்டுரை ஒன்றின் பட்டியல் வடிவத்திலேயே எபிசோடு நகர்கிறது. தன் மூதாதையர் நாட்டில் தனக்கு ஒரு இடம் காத்திருக்கும் என்று போனவளுக்கு மொழி தெரியவில்லை. ஊரார் அவளிடம் வியட்நாமியத்தில் பேசுகிறார்கள், விழிக்கிறாள். அங்கே படப்பிடிப்புக்கு வந்த அமெரிக்கன் ஒருவன் அவளை உள்ளூர்ப் பெண் என்றும் ஆங்கிலம் தெரியாதவள் என்றும் நினைத்துக்கொள்கிறான். அவளும் மறுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நடிக்கிறாள். அங்கே அந்நியை, இங்கேயும் அந்நியை. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொண்ட எபிசோடு இது. அதே ரசிகர்களில் பலர் கேட்டதும் இதுதான்: இதை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஐந்தாம் சீசன்வரை ஏன் காலம் பிடித்தது?

ஆறாம் சீசனின் பத்தாவது எபிசோடில் மனச்சோர்வும் பிள்ளைப்பருவமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. தன் துயரங்களை எல்லாம் ஒரு கனமான நினைவுக்குறிப்பு நூலாக எழுதிவிட வேண்டும் என்று டயான் முட்டிமோதுகிறாள். வரவில்லை. வருவதெல்லாம், ஷாப்பிங் மாலில் துப்பறியும் ஐவி டிரான் என்ற வியட்நாமிய அமெரிக்கச் சிறுமியின் விளையாட்டுக் கதை. நான் பட்ட காயத்திலிருந்து ஒரு நல்ல புத்தகம் வரவில்லை என்றால், அத்தனை வருடம் பட்டதெல்லாம் வீண்தானே என்று, போஜாக்கின் ஏஜெண்டாக இருந்த பூனை பிரின்சஸ் கேரலினிடம் கேட்கிறாள். துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த யாரையும் அந்தக் கேள்வி குத்தும். தொடரிலேயே மிகச் சிறந்த எழுத்துகளில் ஒன்று.

ஃபில்பர்ட் கதையை இங்கே மறுபடி நினைத்துப் பார்க்கலாம். கேள்வியைத் தவிர்க்க ஒரு பெண்ணை அறைக்குள் கொண்டுவந்து பெயருக்கு உட்காரவைப்பதைக் கிண்டலடித்த குழுவுக்கு, தன் கதாநாயகியின் சமூகத்திலிருந்து ஒருவரைத் தன் அறையில் அமர்த்தத் தோன்றவில்லை.

ரசிகர்கள் பிரிந்த இடம்

பிரீயின் மன்னிப்புக்கு வந்த எதிர்வினைகளில் அதிகம் கண்ணில் பட்ட கிண்டல், ‘அப்படியென்றால் போஜாக்குக்கு ஒரு குதிரையா குரல் கொடுத்தது?’ என்பது. சிரிப்பு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்படும் குதிரைச் சமூகம் எதுவும் இல்லை. குரல் நடிப்பு என்பது நடிப்பு மட்டுமல்ல, சம்பளமுள்ள வேலை. முகமே தெரியாத அந்த வேலையில்கூட ஆசிய நடிகைக்கு ஆசியப் பாத்திரம் கிடைக்கவில்லை என்றால், வேறெது கிடைக்கும் என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி.

இரண்டாவது வாதம் கனமானது. பிரீ அந்தப் பாத்திரத்தை உயிரோடு வைத்திருந்தார். அவர் குரலில்தான் பலருக்கு டயானின் சோர்வு தங்கள் சோர்வாகக் கேட்டது. அதை இப்போது தவறு என்றால், அதில் ஆறுதல் தேடிய எங்களுக்கு என்ன மிச்சம்? இந்த ஆதங்கம் பொய்யில்லை. பிரீயின் நடிப்பு நன்றாகவே இருந்தது. யாரும் அதை மோசம் என்று சொல்லவும் இல்லை. ஆனால் கவனியுங்கள், கேள்வி வியட்நாமிய அமெரிக்கர்களைப் பற்றி வந்தது. பதில் தன் ஆறுதலைப் பற்றிப் போனது.

இந்த இடத்தில்தான் இரண்டு கருப்பொருள்களுக்கும் ரசிகர்கள் காட்டிய வித்தியாசம் விளங்குகிறது. மனநோயைப் பற்றிய கதையில் பார்வையாளர் எப்போதும் பாதிக்கப்பட்டவரின் நாற்காலியில் உட்காரலாம். வெள்ளையரோ, கறுப்பரோ, ஆசியரோ, எவருக்கும் அந்த இடம் திறந்திருக்கிறது. இனப்பாகுபாட்டைப் பற்றிய கதை அப்படி எல்லாரையும் ஒரே நாற்காலிக்கு அழைப்பதில்லை. சிலரை, உன் இடம் எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம், ஒருமுறை பார் என்கிறது. போஜாக்கின் பதினேழு நிமிடத்துக்கும் இதே மாதிரியான முனகல்தான் எழுந்தது. ஆறுதலாக இருந்தது கணக்குக் கேட்கத் தொடங்கினால் யாருக்கும் பிடிப்பதில்லை.

வியட்நாமிய அமெரிக்க ரசிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தன் குடும்பப் பெயரை ஒரு முதன்மைப் பாத்திரத்தின் பெயராகத் திரையில் பார்த்ததே போதும் என்றவர்கள் இருந்தார்கள். அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் தன்னுடையதாக இல்லை என்றவர்களும் இருந்தார்கள்.

ஒப்பிட ஒன்றிரண்டு

சிம்ப்சன்ஸின் அப்பு நமக்கு நெருக்கமான உதாரணம். 1990 முதல் ஹாங்க் அசாரியா குரல் கொடுத்த இந்தியக் கடைக்காரர். அமெரிக்காவில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்த இழுவைப் பேச்சால் கேலி செய்யப்பட்ட கதையை, நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017 நவம்பரில் ஒரு ஆவணப்படமாகவே எடுத்தார். அடுத்த ஏப்ரலில் தொடர் பதில் சொன்னது. எப்போதோ தொடங்கி எல்லாரும் கைதட்டிய ஒன்று இன்று தவறாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்று சிம்ப்சன் வீட்டுச் சிறுமி லிசா கேமராவைப் பார்த்துச் சலித்துக்கொள்வாள். பக்கத்தில் அப்புவின் புகைப்படம். அந்த வசனத்தைத் தொடரிலேயே மனசாட்சியுள்ள பாத்திரமான லிசாவின் வாயில் வைத்ததுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. அசாரியா மாறினார்: 2020 ஜனவரியில் அந்தக் குரலை விட்டதாக அறிவித்தார், 2021இல் ஒரு பாட்காஸ்டில் இந்திய வம்சாவளித் தொகுப்பாளர் மோனிகா பேட்மனிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புவின் பிரச்சினை அளவுக்கு மீறிய இனம். டயானின் பிரச்சினை இனமே இல்லாதது. முடிவெடுத்த அறைகள் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

வேறுவிதமாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று போஜாக் குழுவுக்குள்ளேயே இருக்கிறது. கேட் பர்டியும் பாப்-வாக்ஸ்பெர்க்கும் சேர்ந்து உருவாக்கிய ‘அன்டன்’ 2019 செப்டம்பரில் அமேசானில் வந்தது. கார் விபத்துக்குப் பிறகு இறந்துபோன தந்தையைக் காணத் தொடங்கும் அல்மா, மெக்சிகோ வம்சாவளித் தாயின் மகள். குரலும் முகமும் ரோசா சலசார். அவள் பாட்டிக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. தன் பாட்டிக்கு அந்த நோய் இருந்ததைப் பர்டி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அல்மாவுக்கு வாய்த்தது வரமா நோயா என்று ரசிகர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் அவளுடைய பழங்குடி மூதாதையர் மரபும் வந்துவிடுகிறது. மூளையையும் பரம்பரையையும் பிரித்து வைக்க அந்தத் தொடர் இடம் கொடுப்பதில்லை.

லிசா ஹனவால்டின் ‘டூகா அண்ட் பெர்ட்டி’யும் அதே வருடம்தான். கூச்சமும் பதற்றநோயும் கொண்ட பெர்ட்டி என்ற பறவைக்குக் குரல் கொடுத்தவர் ஆலி வாங். அவருடைய தாய் வியட்நாமிலிருந்து வந்தவர். வியட்நாமியப் பெண்ணுக்கு வெள்ளை நடிகையைத் தேடிப்பிடித்த அதே வட்டாரம், இனமே இல்லாத பறவைக்கு வியட்நாமிய வம்சாவளி நடிகையைக் கண்டுபிடித்தது! ஆள் கிடைக்கவில்லை என்ற சமாதானம் இதோடு அடிபட்டுப்போகிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒரே சீசனில் அந்தத் தொடரை நிறுத்தியபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். 2021இல் அடல்ட் ஸ்விம் என்ற தொலைக்காட்சி அதை மறுபடி எடுத்து இன்னும் இரண்டு சீசன் நடத்தியது.

‘போஜாக்’ இன்றும் நெட்ஃபிளிக்ஸில் அதே குரல்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்-வாக்ஸ்பெர்க் 2025 ஆகஸ்ட் 22 அன்று, போஜாக் தொடங்கி சரியாகப் பதினோரு வருடம் கழித்து, ‘லாங் ஸ்டோரி ஷார்ட்’ என்ற புதிய தொடரோடு வந்தார். பேசும் மிருகங்கள் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு யூதக் குடும்பம், தாயின் நாக்கால் பட்ட காயத்தைப் பிள்ளைகள் நடுவயதுவரை சுமந்து திரிகிறார்கள். அவர் வளர்ந்த சூழலும் அதுதான். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் ஐந்து பேருக்கும் குரல் கொடுத்தவர்கள் யூத நடிகர்கள். மகளின் துணைவியான கறுப்பினப் பெண் கெண்ட்ராவுக்கு நிக்கோல் பையர்.